கைக்குட்டையின் மூலையில் இரண்டு சொற்கள்

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒன்றரை வயதில் அது தெரிய வந்தது. இப்போது மூன்றரை முடிந்து எல்.கே.ஜி.க்குப் போகிறாள். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், ஒரு கைக்குட்டையின் மூலையில் சின்ன எழுத்துகளைப் பிசிறில்லாமல் தைக்க நான் பட்ட பாட்டை எழுதி வைக்கத் தோன்றுகிறது. இது எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமா என்று கேட்டால், சில நேரம் இல்லை என்றுதான் படுகிறது. அடுத்த நிமிடமே ஆமாம் என்றும் படுகிறது.

என் கணவரின் வீட்டார் எரியோடு ஊர்ப் பக்கம் கடலை பயிரிடுகிறவர்கள். அறுவடை முடிந்தால் திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அரை மூட்டை வந்துவிடும். அப்படி ஒரு முறை கொண்டுவந்தபோது என் கணவரின் அக்கா, கடலை உருண்டையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் குழந்தையின் வாயில் வைத்தார். சிறிது நேரத்தில் உதட்டோரம் சிவந்தது. முதலில் பார்த்தது நான்தான். "வேர்க்குரு" என்றார் ஒருவர். "வெயில்ல தூக்கிட்டு வந்ததுதான்" என்றார் இன்னொருவர். எனக்கு அது வேர்க்குருவாகத் தெரியவில்லை. ஆனால் அத்தனை பேர் சொல்லும்போது நான் மட்டும் எப்படி மறுப்பது என்று சும்மா இருந்தேன். இமை வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள், சரியாயிற்று. இனி வாழ்நாளில் கடலை கூடவே கூடாது என்றார் டாக்டர்.

"கடலையில பொறந்து கடலையில வளந்த வம்சம். இதுக்கு மட்டும் ஆகாதாக்கும்?" என்று என் கணவரின் அக்கா இன்றும் நம்பாமல் கேட்பார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் பேசாமல் இருந்த அந்தச் சில நிமிடங்களைத்தான் இன்னும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் இருந்தவரை என் கண் பார்வையில் இருந்தாள். பள்ளி என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிஸ்ஸிடம் சொன்னேன். டைரியில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டின் நகலை ஆபீஸில் கொடுத்தேன். ஆனால் காலைத் தீனி நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஆயாம்மாதான். பிறந்த நாள் என்றால் பிள்ளைகள் கொண்டுவரும் மிட்டாயைப் பங்கு போடுவதும் அவர்தான். கோடை விடுமுறைக்கு முன்னால் சேர்க்கைக்குப் போன அன்றே அவரிடமும் சொன்னேன். "சரி தாயி" என்றார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா, தன் பையனுக்குக் குளிர்ந்த தண்ணீர் கூடாது என்றாள். அதற்கும் "சரி தாயி" என்றார். அதற்கடுத்தவள், தன் மகளை இடது கையால் சாப்பிட விடக் கூடாது என்றாள். அதற்கும் அதே சரிதான். இருபத்தேழு பிள்ளைகள். என் சரி மட்டும் அவர் நினைவில் நிற்கும் என்று நான் எப்படி நம்புவது?

என் மகளோ பழகாதவர்களிடம் வாயே திறக்க மாட்டாள். கொடுத்தால் வாங்கிக்கொள்வாள்.

அன்று பள்ளியில் இருந்த யு.கே.ஜி. பிள்ளைகளின் சட்டையில் ஊக்கு குத்தி மடித்துத் தொங்கவிட்ட கைக்குட்டைகளைப் பார்த்தபோது அந்த யோசனை வந்தது. நானும் சின்ன வயதில் அப்படிக் குத்திக்கொண்டு போனவள்தான். தீனி கொடுக்கும் முன்னால் ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளையின் கையையும் கழுவிவிட்டு, அந்தந்தப் பிள்ளையின் கைக்குட்டையாலேயே துடைத்துவிடுவார். தின்பதற்குச் சற்று முன்னால், அவர் கையில், அவர் கண்ணெதிரே அந்தத் துணி இருக்கும். எழுத அதைவிட நல்ல இடம் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷின் ஒன்று இருக்கிறது. எம்.காம். முடித்துவிட்டு வேலைக்குப் போக முடியாமல் போனபோது வாங்கியது. கல்யாணத் துண்டில் மாப்பிள்ளை பெண் பெயர், ரவிக்கைக் கையில் கொடி, கடைப் பையன்களின் பனியனில் கடைப் பெயர் என்று தைத்துக் கொடுக்கிறேன். எல்லாம் விரல் நீள எழுத்துகள். சின்ன எழுத்து எனக்குப் புதிது. ஆனாலும் பெரியதைத் தைக்கிறவளுக்குச் சின்னது என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

முதலில் நான் எழுதியது நான்கு வரி. எனக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. கடலை மிட்டாய், கடலை எண்ணெய்ப் பலகாரம் எதுவும் தர வேண்டாம். தவறித் தின்றுவிட்டால் உடனே அம்மாவைக் கூப்பிடவும். கீழே என் போன் நம்பர். கம்ப்யூட்டரில் துண்டுக்குச் செய்வதுபோல் பெரிதாக அமைத்து, பிறகு அப்படியே சுருக்கி மெஷினுக்கு அனுப்பினேன்.

மெஷின் இரண்டாவது சொல்லிலேயே கடகடவென்று சத்தம் போட்டு நூலைச் சிக்கலாக்கியது. பெரிய எழுத்துக்கான அத்தனை தையலும் எள்ளளவு இடத்துக்குள் விழுந்தால் வேறென்ன ஆகும்? ஒரே துளையில் ஊசி நான்கைந்து முறை இறங்கியிருந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால், சூடு பட்ட தோல் மாதிரி துணி சுருங்கியிருந்தது.

அந்த அளவிலேயே புதிதாக எழுத்துகளை அமைத்தேன். தையல்களை விலக்கி விலக்கி வைத்தேன். மெஷினின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். இந்த முறை வரிகள் வரிகளாகவே வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீருடை வாங்கப் பள்ளிக்குப் போன அன்று அதைக் கையோடு கொண்டுபோய் ஆயாம்மாவிடம் காட்டினேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். துணியை வாங்கிக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். பிறகு தலையையும் பின்னால் சாய்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. எறும்பு வரிசையா?"

"எழுத்து ஆயாம்மா."

"எழுத்தா! என்ன எழுதியிருக்கு?"

"கண்ணாடி போட மாட்டீங்களா?"

"வாசிக்கிறதுக்கு ஒண்ணு இருக்கு. வீட்ல கெடக்கு. இங்க போட்டா, மூக்கு துடைக்கிற கையோட அதையும் புடுங்கிருதுக. இம்புட்டுச் சிறுசா எழுதுனா நான் எங்கிட்டுப் படிக்க?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அந்த நான்கு வரிகளைக் குறைத்துக்கொண்டே வந்தேன். எதை விடுவது? எண்ணெயை விட்டால் எண்ணெயில் ஆபத்து. நம்பரை விட்டால் எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் நம்பர் ஆபீஸில் இருக்கிறது. விளக்கங்கள் டைரியில் இருக்கின்றன. கை துடைக்கிற நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வாசல் வரும்போது மிஞ்சியது இரண்டு சொற்கள்: கடலை வேண்டாம். உயரம் ஏழு மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் மடிப்பில் மறைந்துவிடும்.

இரண்டே சொல் என்றாலும் அவை லேசுப்பட்டவை அல்ல. க-வின் வயிறு அடைத்துக்கொண்டது. லை-யின் முன்னால் வரும் சுழிகள் இரண்டும் சேர்ந்து ஒரே திட்டாகிவிட்டன. ண-வின் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டின. புள்ளிகள் துணியின் இழைகளுக்கு நடுவே அமிழ்ந்து காணாமல் போயின. சுழிகளை உள்ளதைவிட அகலமாக, பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகவே வரைந்தேன். தைத்த பிறகு நூல் உள்ளே இழுத்துச் சரியான அளவுக்கு வந்துவிடும். பட்டையாகத் தைத்த புள்ளியை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் மூன்று குத்து மட்டும் விழும்படி வைத்தேன். அடியில் வைக்கும் தடித்த பேப்பரையும் மாற்ற வேண்டியிருந்தது. அதை வெட்டிய பிறகும் பின்பக்கம் மொடமொடவென்று நிற்கும். வாய் துடைக்கிற துணி அல்லவா? தண்ணீரில் கரைந்துபோகும் பேப்பரை அடியில் இரண்டு மடிப்பும் மேலே ஒன்றும் வைத்து, ஃபிரேமில் துணியை விறைப்பாகப் பூட்டினேன். மேலே வைத்தது புள்ளிகளை அமிழாமல் தாங்கியது.

இவ்வளவும் செய்த பிறகும் எழுத்து தடித்துத்தான் இருந்தது.

என் கணவருக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவர் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"கயிறைக் கொண்டு தைச்சியா?"

"நாப்பதாம் நம்பர் நூலுங்க. எல்லாத்துக்கும் இதுதான்."

"நாப்பதுல எப்படிச் சிறுசு எழுதுவ? அறுபது போடு. கவுண்ட் நம்பர் கூடக் கூட நூல் சன்னம். இதுகூடத் தெரியாம எம்.காம். வேற."

அவர் சொன்னது சரிதான். மறுநாள் அவரே பஜாருக்குப் போய் அறுபதாம் நம்பர் நூல் வாங்கி வந்தார். கூடவே ஒரு ஊசிப் பாக்கெட்டும். "ஒன் மெஷின்ல எழுவத்தஞ்சுதான் கெடக்கு. நூலு மட்டும் சன்னமா இருந்தா போதுமா? நூறு வாங்கிட்டேன். இருக்கதுலயே சன்னம்" என்றார்.

ஊசியைப் பொருத்தும்போதே விரலுக்கு அது தடிமனாகப் பட்டது. எங்கேயோ இடித்தது. ஆனால் நூலின் நம்பரும் கவுண்ட்டும் அவர் தினமும் புழங்குகிற சங்கதி. நான் பேப்பரில் கணக்குப் படித்தவள். அவருக்குத் தெரியாதா என்று தோன்றியது. பொருத்திவிட்டேன்.

அந்த மெல்லிய பருத்தித் துணியில் மெஷின் ஓடி முடித்ததும் ஃபிரேமை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். எழுத்தைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தது. நூல் அவ்வளவு அழகு. ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் ஏதோ பூச்சி அரித்துவிட்டதுபோல் இருந்தது. க-வைத் தொட்டதும் அது துணியோடு கழன்று வந்தது.

பழைய ஊசியையும் புதிய ஊசியையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சந்தேகமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கையை நீட்டினேன்.

"ஏங்க, இது தடிமனா இருக்கு."

"எது?"

"ஊசி. நூலுக்குத்தான் நம்பர் கூடுனா சன்னம். ஊசிக்கு நம்பர் கூடுனா தடிமன். இதுக்கு அறுவத்தஞ்சு வேணும்."

"யாரு சொன்னா?"

"நீங்களே பாருங்க."

எச்சில் கையை ஒதுக்கிவைத்துக்கொண்டு, இடது கையால் இரண்டையும் உருட்டிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "எட்டு வருசமா கவுண்ட் பாக்குறேன். ஒரு ஊசி என்னையக் கேணையனாக்கிருச்சே. கடைக்காரன் சாக்கு தைக்கப் போறேன்னு நெனச்சிருப்பான்."

நானும் சிரித்தேன். அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கி, ஒரு வாய் போட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "மாட்டும்போதே தெரிஞ்சிருக்குமே ஒனக்கு. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

குழம்பு ஊற்றும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் கைக்குட்டையைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு அந்த வேர்க்குரு நாள்தான் கண்ணில் வந்து நின்றது. திரும்பி வந்தபோது, என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "சரி விடு. சாயந்தரம் மாத்திட்டு வாரேன். நீ எழுதிக் குடுத்துரு, நான் வாயத் தொறக்காம வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

அறுபத்தைந்து ஊசியும் அறுபது நூலும் சேர்ந்த பிறகு மெஷினின் சத்தமே மாறிவிட்டது. அடியில் சுற்றிய வெள்ளை நூல் எழுத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. மேல் நூலின் இழுப்பைச் சற்றுத் தளர்த்தியதும் அதுவும் உள்ளே போய்விட்டது. எழுத்துக்கு எழுத்து தாவிய நூல்களை நகம் வெட்டும் அளவுச் சின்னக் கத்தரியால் கத்தரித்தேன். நிறம்? சிவப்பு எடுத்து வைத்திருந்தேன். லாரியின் பின்னால் எழுதுகிற எச்சரிக்கை மாதிரி என் பிள்ளையின் நெஞ்சில் தொங்குமே என்று நினைத்துக் கருநீலத்துக்கு மாறினேன். வெள்ளையில் அதுவும் எடுப்பாகவே தெரிந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயப்போட்டு, பின்பக்கத்தை என் உதட்டில் தேய்த்துப் பார்த்தேன். முடிச்சு ஒன்று உறுத்தியது. அதைச் சரிசெய்து இன்னொன்று தைத்தேன். பிறகு இமையில் வைத்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. கணவரை நிலைவாசலில் நிற்கச் சொல்லி அங்கிருந்தே படிக்கச் சொன்னேன். படித்தார். வாரத்துக்கு ஆறு என்று ஆறு தைத்து அடுக்கினேன்.

முதல் நாள் காலையில் ஊக்கு குத்தும்போது மட்டும் மறுபடி குழப்பம் வந்துவிட்டது. என் மகளின் மேல் நான் சீட்டு ஒட்டி அனுப்புகிறேனா? அவளைப் பார்க்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்ப்பார்களா? எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்தேன். பிறகு வெளியே வரும்படி மடித்தேன். "ஏ புள்ள, வேன் போயிரும்" என்று என் கணவர் சத்தம் போட்டார். கடைசியில், துடைக்க விரித்தால் மட்டும் தெரிகிற மாதிரி மடித்துக் குத்திவிட்டேன். அன்று நானும் கூடவே போய் ஆயாம்மாவின் முன்னால் அதை விரித்துக் காட்டினேன்.

கையை நீட்டினார். தலையைச் சாய்க்கவில்லை. "க-ட-லை வேண்டாம்" என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். "இப்பத் தெரியுது தாயி. பளிச்சுனு இருக்கு."

வெள்ளிக்கிழமை வேனுக்குக் காத்திருக்காமல் நானே அழைத்துவரப் போனேன். ஆயாம்மா கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு பயலுக்குப் பொறந்த நாளு. டப்பா நெறைய கடலை மிட்டாய் கொண்டாந்துட்டான்."

மகளைத் தேடினேன். வாசலருகே தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள். உதடு உதடாகத்தான் இருந்தது.

"பயப்படாத. கொஞ்சம் அசந்திருந்தேன்னு வையி, கையில குடுத்திருப்பேன். வரிசையாக் கை தொடச்சுக்கிட்டே குடுத்துட்டு வாரேன். ஒம் மவகிட்ட வந்து துணிய விரிச்சா, எழுதி வச்சிருக்க. கையப் பின்னால இழுத்துக்கிட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் என்னை விடவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வேண்டாம்னு எழுதுனியே, என்ன வேணும்னு எழுதலையே? எல்லாம் மிட்டாயக் கடிக்குதுக. இது மட்டும் நீட்டுன கைய மடக்காம அப்படியே நிக்கிது. அழுகல. ஒண்ணும் கேக்கல. எனக்கு மனசு கேக்கல தாயி. என் டப்பாவுல இட்லி இருந்துச்சு. சீனி தொட்டு ரெண்டு வாய் குடுத்தேன்."

"இட்லியில எண்ணெய் ஏதும்..." என்று என் வாய் என்னைக் கேட்காமலேயே கேட்டுவிட்டது.

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "எண்ணெயும் இல்ல, பொடியும் இல்ல. வெறும் சீனி. ஒங்கிட்ட ஒரு இட்லி குடுத்துத் தப்பிக்க முடியல."

பக்கத்தில் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆட்டோவில் மகளை மடியில் வைத்துக்கொண்டபோது அந்த நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இரண்டு வாரமாக அவள் வாய்க்குள் எது போகக் கூடாது என்று மட்டுமே யோசித்திருக்கிறேன். ஊரே தின்னும்போது வெறும் கையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல எல்லாரும் மிட்டாய் சாப்பிடுறப்ப ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"சீனி இட்லி" என்றாள். யோசிக்கவே இல்லை.

"பிஸ்கட்? கேக்கு?"

"ஆயாம்மா சீனி இட்லி."

சனிக்கிழமை மதியம் ஆறு கைக்குட்டைகளையும் மறுபடி எடுத்தேன். எதிர் மூலையில், அதே நூல், அதே ஊசி. இ என்ற எழுத்து சுழித்துச் சுழித்து உள்ளே போவது. முதல் முறை கறுப்பு நத்தை மாதிரி வந்தது. சுழியைப் பிரித்து, ஒரு சுற்றைத் தளர்த்திப் போட்ட பிறகுதான் திறந்தது.

கணவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "இட்லி பிடிக்கும்னு கைக்குட்டையில எழுதி அனுப்புற ஒரே வீடு நம்ம வீடாத்தான் இருக்கும். படிக்கிறவ என்ன நெனப்பா?"

"இட்லி குடுப்பாங்க" என்றேன்.

"அப்பச் சீனிய யாரு எழுதுறது?"

உண்மையிலேயே யோசித்தேன். சீனி தொட்டு என்று சேர்த்தால் எழுத்து சிறுத்துவிடும். சிறுத்தால் ஆயாம்மாவுக்குத் தெரியாது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். சீனியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, இரண்டு இட்லியோடு பையில் வைத்துவிடலாம்.

திங்கட்கிழமை காலையில் ஊக்கு குத்தியபோது என் மகள் குனிந்து, தன் நெஞ்சில் தொங்கிய துணியைத் தானே விரித்தாள். அவளுக்கு இன்னும் எழுத்து தெரியாது. கருநீல எழுத்துகளின் மேல் விரலை வைத்து, இட்லி இருக்கும் மூலை எது என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். அந்த மூலை வெளியே வரும்படி மடிக்கச் சொன்னாள்.

ஒரு நொடி தயங்கினேன். பிறகு அவள் சொன்னபடியே மடித்துக் குத்தினேன்.